தங்கப்பல் கட்டிய சிலிண்டர் ஹெட்

மோட்டார் சைக்கிளின் ஹெட்டை நாங்கள் போர்ட் செய்து கொடுத்த வாரமே பிள்ளை திரும்பி வந்துவிட்டார். வண்டியை ஓட்டிக்கொண்டுதான் வந்தார். முகம் மட்டும் தள்ளிக்கொண்டு வந்தவரின் முகமாக இருந்தது.

“மேட்டுல செத்துப்போச்சு,” என்றார். “நீங்க கை வைக்காம விட்டிருந்தா ஏறியிருக்கும்.”

மலாக்காவில் காஜா பேராங் சாலையில் இருந்த அந்தப் பட்டறையில் நாங்கள் இரண்டே பேர். முதலாளி கண்ணுசாமி அண்ணன், அப்புறம் நான். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, அப்பா வாங்கி வைத்திருந்த கிளார்க் வேலை மனுவை அலமாரியிலேயே விட்டுவிட்டு, கையில் எண்ணெய் படும் வேலைதான் வேண்டும் என்று வந்து சேர்ந்தவன். அதனால் அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “டேய் கேம்பிரிட்ஜ்” என்றுதான் அழைப்பார். கோபம் வந்தால் “ஐயா கேம்பிரிட்ஜ்.”

எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. அனுபவக் குறிப்பு எழுத இது வயதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கட்டரைப் பற்றியே கேட்கிறார்கள். எந்த மெட்டலுக்கு எது, எந்த ஸ்பீடு, எங்கே வாங்குவது என்று. அதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் பிள்ளையின் ஹெட்டைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

டார்ச் லைட் வழக்கம்

பிள்ளை கம்போங் செட்டிக்காரர், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டிகளில் ஒருவர். எங்கள் பட்டறைக்குப் பின்தெருவில் வீடு. பெயர் தமிழ்ப் பெயர், கும்பிடுவது நம் சாமி, பேசுவது மட்டும் மலாய். நாலைந்து தமிழ் வார்த்தைகள் தெரியும், அதுவும் முறை சொல்லி அழைக்கத்தான். அவர் பேசியதையும் அவரிடம் பேசியதையும் நான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

மலாக்காவுக்கு ரயில் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனதோடு சரி. சிங்கப்பூர், கோலாலம்பூர் பத்திரிகைகள் ரயிலில் தம்பின் ஸ்டேஷன் வரைக்கும் வரும். விடியற்காலை அங்கே போய்க் கட்டுகளை வாங்கி, சைட்கார் பெட்டியில் அடுக்கி, டவுனில் ஏஜண்டிடம் சேர்ப்பதுதான் பிள்ளையின் தொழில். இங்கிலீஷ், சீனம், மலாய், தமிழ் எல்லாம் அதில் வரும். ஊருக்கே தமிழ்ப் பத்திரிகை கொண்டுவந்து சேர்த்த மனிதருக்கு அதில் ஒரு வரி படிக்கத் தெரியாது. “கட்டோட கனம் தெரியும். அது போதும்,” என்பார்.

அந்த வருஷம் கனம்தான் பிரச்சினை ஆனது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருகிறது, கொடி எப்படி, முதல் மந்திரி என்ன சொன்னார், சுல்தான்கள் என்ன சொன்னார்கள் என்று, பத்திரிகை வாங்கியே பழக்கமில்லாதவர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். மாதத்துக்கு மாதம் கட்டு பெருத்தது. பிள்ளையின் மோட்டார் சைக்கிள் ஒற்றைச் சிலிண்டர், இரும்பு ஹெட், ஜப்பான் சண்டைக்கு முந்தின மாடல். அலோர் காஜாவுக்கு இப்பால் இருக்கும் மேட்டில் அது இரண்டாம் கியருக்கு இறங்கி மூச்சுவாங்க ஆரம்பித்தது. தம்பினில் வேன் வைத்திருந்த ஒருவர், அந்த வேலை தனக்கு வேண்டும் என்று ஏஜண்டிடம் கேட்டுவிட்டார்.

ஏஜண்ட் ராவுத்தர் நல்ல மனிதர். ஆனால் பத்திரிகை பழசாகிவிட்டால் அது மீன் மடிக்கிற காகிதம். பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வேன்காரருக்கும் பாதிக் கட்டைக் கொடுக்கப்போகிறேன், ஒரே ரயில், ஒரே ரோடு, மாதக் கடைசி நாளில் யார் முந்தி வருகிறாரோ அவருக்கே முழுச் சுமை என்று.

அதற்காகத்தான் பிள்ளை முதலில் எங்களிடம் வந்தார். “கண்ணுசாமி அண்ணா, உங்க ரேஸ் பையன்களுக்குச் செய்யற மாதிரி எனக்கும் செஞ்சு குடுங்க.”

அண்ணனுக்குப் பந்தய வண்டி ஓட்டும் பையன்களிடம் நல்ல பெயர் இருந்தது. சிலிண்டர் ஹெட்டுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து போகிற வழியின் சுவரை வெட்டிச் சீராக்கி, என்ஜின் நன்றாக மூச்சு விடும்படி செய்வதுதான் போர்ட்டிங். எங்கள் பட்டறையில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த ஹெட்டை முன்மேசையில் வைத்து உள்ளே டார்ச் அடித்துக் காட்டுவோம். கடை முகப்பை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் போகிறவர்கள்கூட நின்று குனிந்து பார்ப்பார்கள். சுவர் கண்ணாடி மாதிரி மின்னும்.

“என் கட்டைவிரல் போகுதே அண்ணே.”

“உன் விரலே போகுதுன்னா காத்து போகாதா?”

இப்படித்தான் பேச்சு நடக்கும். பெரிதாக இருந்தால் நல்ல போர்ட், மின்னினால் இன்னும் நல்ல போர்ட். வாடிக்கையாளர் அதைத்தான் எதிர்பார்த்தார், நாங்களும் அதைத்தான் கொடுத்தோம். பிள்ளையின் ஹெட்டுக்கும் டார்ச் அடித்தோம். அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். காஜா பேராங் சாலையில் வெறும் பெட்டியோடு ஒரு சுற்று போய் வந்தபோது வண்டி பறந்தது. அது வெறும் பெட்டி, மலாக்கா டவுன் தட்டையான ஊர் என்பதை யாரும் நினைக்கவில்லை.

ரம்புத்தான், பாக்கு, மிளகாய்

இங்கே கட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் உத்தரத்திலிருந்து ஒரு மோட்டார் தொங்கியது. அதிலிருந்து பாம்பு போல ஒரு ப்ளெக்சிபிள் ஷாப்ட். அதன் நுனியில் பிடி. பிடியில் மாட்டுவது ரோட்டரி பைல், சில பேர் பர் என்பார்கள். சுற்றிலும் பல் வெட்டிய ஹை ஸ்பீடு ஸ்டீல். கார்பைடு என்று ஒன்று உண்டு, நெடுநாள் மழுங்காது. அந்தக் காலத்தில் எங்களுக்கு அது சிங்கப்பூர்க் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொருள்.

வடிவத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். உருண்டைக் கட்டர் ரம்புத்தான். நீள் உருண்டை பாக்கு. கூம்பாக நுனி மெலிந்தது மிளகாய். மூன்றுக்கும் மூன்று வேலை. வால்வு உட்காரும் இடத்துக்குக் கீழே கிண்ணம் மாதிரி ஒரு குழிவு இருக்கும், அதற்கு ரம்புத்தான். நேரான சுவருக்கு மிளகாய். வழி வளைந்து திரும்பும் இடத்தில் உள்பக்க மேடு ஒன்று உண்டு, அதற்குப் பாக்கு. அங்கே ரம்புத்தானை விட்டால் அது உருளாது, தோண்டும். ஓர் இடத்தில் ஒரு வினாடி நின்றால் குழி விழும். குழியைச் சமமாக்கச் சுற்றிலும் வெட்டுவோம், அப்புறம் எல்லாமே குழியாகிவிடும்.

பல்லும் முக்கியம். அலுமினியத்துக்கு அகலப் பல், இல்லாவிட்டால் துகள் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு கட்டர் வழுக்குருண்டை ஆகிவிடும். மெழுகுவர்த்தியில் ஒரு தேய் தேய்த்துவிட்டு வெட்டினால் அப்பாது. இரும்புக்கு நெருக்கப் பல், எண்ணெய் கூடாது, கருந்தூள் கொட்டும், மூக்கில் துணி கட்டுங்கள். கட்டரின் காம்பு, அதாவது ஷாங்க், நீளமாக இருந்தால் நுனி ஆடும், ஆடினால் சுவரில் அலை விழும். வால்வு சீட்டில் ஷாங்க் உரசினால் அந்தச் சீட் போயிற்று, அதனால் ஷாங்கில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் ஹெட்டில் உள்வளைவை ரம்புத்தானால் எடுத்திருந்தார் அண்ணன். பந்தய வண்டிக்கு அது ஓரளவு தாங்கும். என்ஜின் எப்போதும் முழு வேகத்தில் அலறிக்கொண்டே இருக்கும், காற்று எப்படியும் பாயும். சுமை இழுக்கிற வண்டி அப்படி இல்லை. மெதுவாகச் சுற்றிக்கொண்டு இழுக்க வேண்டும். வழி பெரிதானால் மெதுவான என்ஜினில் காற்று சோம்பலாகிவிடும், பெட்ரோல் சுவரில் வழியும், மேட்டில் கார்புரேட்டர் வழியாகத் தும்மும்.

இதைப் பழைய இங்கிலீஷ் மோட்டார் இதழ் ஒன்றில் எப்போதோ படித்திருந்தேன். பிள்ளை வந்து நின்ற அன்று அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாசலில் கிடந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து, வாயை விரலால் அழுத்திக் காட்டினேன். தண்ணீர் சாலை வரைக்கும் பாய்ந்தது. விரலை எடுத்தேன். காலடியில் கொட்டியது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாம விரலை எடுத்துட்டோம்,” என்றார்.

“ஆமா அண்ணே.”

“ஓஸ் பைப்புக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல பாரு.” பிள்ளையிடம் திரும்பினார். “பிள்ளை, தப்பு என் கையில. வண்டிய விட்டுட்டுப் போங்க. நாளைக்குக் காலையில தம்பினுக்கு என் பிக்கப்புல போவோம். நான் ஓட்டுறேன்.”

“எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க?”

“உங்க வண்டி ஏறுற வரைக்கும்.”

வேறு ஹெட் வாங்கலாமே என்று கேட்பீர்கள். அந்த மாடல் தயாரிப்பு நின்றுபோய் வெகுகாலம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் தேடி வரவழைத்தால் மெர்டேக்கா முடிந்து தீபாவளியும் முடிந்துவிடும். வெட்டினதைத் திரும்ப ஒட்ட வேண்டும், வேறு வழியில்லை.

கிராணியாரின் ரப்பர்ப் பால்

ஒட்டலாம். ஆனால் எவ்வளவு? பழைய வடிவம் எங்கள் தரையில் கருந்தூளாகக் கிடந்து, பெருக்கிக் கொட்டியாகிவிட்டது. அளவு எடுத்து வைக்கவில்லை. யாரும் எடுத்து வைப்பதில்லை.

அதே மாடல் வண்டி மலாக்காவில் இன்னும் ஒன்று இருந்தது. டூரியான் துங்கால் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கிராணியார் வைத்திருந்தார். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், வண்டியை மாப்பிள்ளை மாதிரி கவனிப்பவர். அவர் ஹெட்டில் யாரும் கட்டர் வைத்ததில்லை. நான் சைக்கிளில் போய், நடந்ததையெல்லாம் சொல்லிக் கேட்டேன்.

“என் ஹெட்டைக் கழட்டி அவன் ஹெட்டுக்கு அளவு எடுப்பியா? நல்லா இருக்குடா. உங்க முதலாளி அதுலயும் ரம்புத்தானை விட்டுட்டா?”

“கட்டரே கிட்ட வராது சார். உள்ள படிஞ்ச கரியெல்லாம் எடுத்து டீகார்பனைஸ் செஞ்சு குடுத்துடறோம்.”

“அது எப்பவோ செய்யணும்,” என்று தாடையைச் சொறிந்தார். அங்கேதான் மனிதர் வலையில் விழுந்தார்.

வளைந்த வழியின் உட்புறத்தை அளப்பது சுலபமில்லை. காலிப்பர் நுழையும், திரும்பாது. மெழுகு ஊற்றினால் உறைந்த பிறகு வெளியே வராது. களிமண் வரும், வரும்போது நசுங்கிவிடும். நசுங்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிற ஒரு பொருள் வேண்டும். கிராணியாரின் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து இதை யோசித்துக்கொண்டிருந்தபோது, ரப்பர்ப் பால் வாளிகளைச் சுமந்துகொண்டு பெண்கள் ஸ்டோருக்குப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரைச் சுற்றி அதுதானே வடிகிறது.

ஒரு டின் ரப்பர்ப் பால் வாங்கி வந்தேன். கிராணியாரின் ஹெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, வழிக்குள் சோப்புத் தண்ணீர் பூசி, பாலை ஊற்றிச் சுழற்றி வடித்துக் காயவிட்டேன். மறுபடியும் ஊற்றிச் சுழற்றிக் காயவிட்டேன். தோல் கெட்டியாகும் வரைக்கும் இதே வேலை. வெயிலில் அது மஞ்சளாகி, பட்டறை முழுவதும் எஸ்டேட் வாடை. பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“என் வண்டிக்கா இது?”

“ஆமா பிள்ளை. உங்க வண்டிக்குக் கையுறை.”

ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். சுருங்கி, நெளிந்து, ‘பொளக்’ என்று வெளியே வந்து தன் வடிவத்தில் நின்றது. அதற்குள் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் கரைத்து ஊற்றினேன். இறுகியதும் ரப்பரை உரித்தேன். இதுவரை யாரும் கண்ணால் பார்க்காத ஒன்று, காற்று போகும் வழியின் உருவம், மேசைமேல் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. அதே மாதிரி பிள்ளையின் ஹெட்டிலும் ஒன்று எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தோம்.

கிராணியாரின் வழி வளைவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. பிள்ளையினுடையது பானை.

அண்ணன் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். பானையின் அடிப்பக்கத்தில், அவர் வெட்டிய இடத்தில், பென்சிலால் வட்டம் போட்டார். “இவ்வளவும் நிரப்பணும்,” என்றார்.

பித்தளை

நிரப்பியது ஆ ஹோக். எங்கள் வரிசையிலேயே கடைசிக் கடை, கேஸ் வெல்டர். ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்:

“கண்ணு, நான் வெல்டர். பல் டாக்டர் இல்லை.”

“தங்கப்பல் கட்டணும், முடியுமா சொல்லு.”

“கட்டலாம். வெடிச்சா என்னைக் கேட்கக்கூடாது.”

வார்ப்பிரும்பைச் சட்டென்று சூடாக்கினால் வெடிக்கும். சட்டென்று ஆறவிட்டாலும் வெடிக்கும். வால்வுத் தண்டு ஓடும் குழல்களான கைடுகளைத் தட்டி வெளியே எடுத்துவிட்டு, ஹெட் முழுவதையும் கரியடுப்பில் மெதுவாகப் பழுக்க வைத்து, அதே சூட்டில் பித்தளைக் கம்பியை உருக்கி வளைவில் ஊற்றி, அப்படியே சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட வேண்டும்.

பிள்ளையிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெடித்தால் அந்த வண்டி முடிந்தது, தொழிலும் முடிந்தது. சூடாக்காமல் இப்படியே விட்டால் மாதக் கடைசியில் வேன்காரர் எடுத்துக்கொள்வார். அண்ணன் இரண்டையும் மறைக்காமல் சொன்னார்.

பிள்ளை ஹெட்டைக் கையில் எடுத்து எடை பார்த்தார். “போலே,” என்றார். முடியும் என்பதற்கு மலாயில் அதுதான் வார்த்தை. ஆனால் அவர் சொன்ன விதத்தில் அது கேள்வியா பதிலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு தொடர்ந்தார்: “சாம்பல் என் வீட்டிலிருந்து எடுத்துக்கோங்க. என் சம்சாரம் கோவில் பலகாரம் செய்யற அடுப்பு. சாம்பல் மாவு மாதிரி இருக்கும்.”

மண்ணெண்ணெய் டின் நிறையச் சாம்பல் வந்தது. மாவு மாதிரிதான் இருந்தது.

ஆ ஹோக் வேலையை ஆரம்பித்தார். ஹெட் செந்நிறமாகி, பித்தளை ஒட்டுவதற்காகத் தூவிய பொடி உருகிக் கண்ணாடி மாதிரி ஓடி, பித்தளை வளைவில் பரவியது. “தூக்கு,” என்றார். இடுக்கியால் தூக்கிச் சாம்பலுக்குள் வைத்து மூடினோம். மறுநாள் வரைக்கும் யாரும் டின்னைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஆ ஹோக் அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தார். மூடிமேல் செங்கல் எதற்கு என்று கேட்டேன். “உனக்காக,” என்றார். “நீ பொறுக்கமாட்டே.”

மறுநாள் எடுத்தோம். அண்ணன் ஹெட்டைத் தொங்கவிட்டுச் சுத்தியால் லேசாகத் தட்டினார். மணி மாதிரி நீளமாக ஒலித்தது. விரிசல் இருந்தால் ஓட்டைப் பானைச் சத்தம் வரும். அவர் திரும்பி என் முதுகில் ஒன்று வைத்தார்.

கட்டர் துள்ளியது

கெட்டது என்னவென்றால், ஒரே வழிக்குள் இப்போது இரண்டு மெட்டல்.

நெருக்கப் பல் ரோட்டரி பைலை விட்டேன். பித்தளையில் அப்பியது. அகலப் பல்லை மாட்டினேன். பித்தளையை வெண்ணெய் மாதிரி எடுத்தது, இரும்பு ஓரத்தைத் தொட்டதும் துள்ளியது, துள்ளி மறுபடியும் பித்தளையில்தான் விழுந்து தோண்டியது. சாம்பலில் அவ்வளவு மெதுவாக ஆறியும் இணைப்பின் ஓரத்தில் இரும்பு கொஞ்சம் கெட்டிப்பட்டிருந்தது. வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன். சாணைக் கல்லை மாட்டினேன், கல்லில் பித்தளை அப்பி அது பளபளவென்று ஆனதுதான் மிச்சம். ஒரு நல்ல கட்டரின் பல் இரண்டு போயிற்று. எனக்குப் பொறுமை போயிற்று.

“கார்பைடு இருந்தா முடிஞ்சிருக்கும் அண்ணே. சிங்கப்பூருக்கு ஆளனுப்புங்க.”

“ஐயா கேம்பிரிட்ஜ், சிங்கப்பூருக்குப் போய் வர்றதுக்குள்ள வேன்காரன் முழுச் சுமையையும் தூக்கிட்டுப் போயிடுவான்.”

பித்தளையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்த பொடித் தோலையாவது எடுப்போம் என்று பேரிங் ஸ்கிரேப்பரை எடுத்தேன். புதிதாக வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. ஒயிட் மெட்டல் பேரிங்குகளைக் கையால் சுரண்டி உட்கார வைப்பதற்கான கருவி. பாதி வட்டமாக, ஓரம் கூர்மையாக, லேசாக வளைந்த ஸ்டீல். எல்லாப் பட்டறையிலும் ஒன்று கிடக்கும்.

பொடித் தோல் உடைந்து உதிர்ந்தது. அதன் பின்னாலேயே பித்தளை சுருள் சுருளாக வந்தது. நான் சும்மா இன்னொரு இழுப்பு இழுத்தேன். மறுபடியும் சுருள். இரும்பு ஓரத்துக்கு வந்ததும் ஸ்கிரேப்பர் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. அது இரும்பை எடுக்கவில்லை. கெட்டிப்பட்ட ஓரமே வேலியாக நின்று, இதுவரைக்கும்தான் என்று சொன்னது. கட்டரைத் துள்ள வைத்த அதே ஓரம்.

“அண்ணே, இங்க பாருங்க.”

அவர் குனிந்தார். நான் இழுத்தேன். அவர் கையை நீட்டி ஸ்கிரேப்பரை வாங்கி, தானே ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். கையை எடுக்கவேயில்லை. பிறகு நான் அளவு பார்த்தேன், அவர் சுரண்டினார். உயரமாக நின்ற பித்தளையை முதலில் பாக்குக் கட்டரால் ஓரத்துக்கு வராமல் தாழ்த்தினோம். மீதி எல்லாம் ஸ்கிரேப்பர். கடைசியில் பிளந்த கம்பியில் எமரித் துணி சுற்றி லேசாக ஓர் ஓட்டு. இடையிடையே ரப்பர்ப் பால் ஊற்றி அச்சு எடுத்து, கிராணியாரின் வெள்ளை இடுப்போடு ஒப்பிட்டோம். அண்ணன் உள்ளே மின்னவைக்கவில்லை. காற்று உள்ளே வரும் இன்லெட் வழியின் சுவர் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால்தான் பெட்ரோல் அதில் ஒட்டி வழியாமல் கலையும். அதையும் நான் படித்ததை வைத்துத்தான் சொன்னேன்.

கிராணியாரின் அளவில் அப்படியே நின்றுவிடவில்லை. கிண்ணத்தில் வார்ப்பு முடிச்சு ஒன்று இருந்தது, அதை ரம்புத்தானால் எடுத்தோம். கார்புரேட்டர் வாயும் ஹெட் வாயும் ஓர் ஓரத்தில் இடறின, அதை மிளகாயால் சேர்த்தோம். அவ்வளவுதான். கைடுகளைத் திரும்ப ஏற்றி, வால்வு சீட்டைப் புதிதாக வெட்டி, வால்வை கிரைண்டிங் பேஸ்ட் போட்டு உட்கார வைத்து, ஹெட்டை ஏற்றினோம். ஆ ஹோக் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “தங்கப்பல் தெரியலையே,” என்று குறைபட்டுக்கொண்டார்.

மேடு

காஜா பேராங் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது பிள்ளையின் முகம் சுருங்கியது. “முன்ன மாதிரி பறக்கல,” என்றார்.

“பறக்காது,” என்றார் அண்ணன். “நாளைக்குக் காலையில சொல்லுங்க.”

மாதக் கடைசி. தம்பின் ஸ்டேஷனில் கட்டுகள் இறங்கின. சைட்கார் பெட்டி நிரம்பி, மேலே கயிறு போட்டுக் கட்டி, நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். என் கனமும் சேர்ந்தது. வேண்டாம் என்றுதான் பிள்ளை சொன்னார், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேன்காரரும் பக்கத்திலேயே ஏற்றிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்து, “அண்ணாச்சி, இன்னைக்கும் மேட்டுல ஓய்வா?” என்று சிரித்தார். பிள்ளைக்குத் தமிழ் புரியவில்லை, சிரிப்பு புரிந்தது.

தட்டை ரோட்டில் வேன் எங்களை முந்தியது. அதன் பின்விளக்கு போய்க்கொண்டே இருந்தது. அலோர் காஜா தாண்டி மேடு வந்தது. அவருடைய கால் கியர் லீவரில் இரண்டாவதற்குக் காத்திருந்ததை நான் பார்த்தேன். என்ஜின் சத்தம் கனத்தது, மெதுவானது, ஆனால் இழுத்தது. தும்மல் இல்லை. கால் லீவரைத் தட்டவே இல்லை. மேட்டின் பாதியில் வேன் கியர் மாற்றி அலறிக்கொண்டிருந்தது. நாங்கள் அதே சத்தத்தில், அவசரமே இல்லாமல், அதன் பக்கவாட்டில் போய், அதைத் தாண்டினோம்.

பிள்ளை திரும்பாமலே மலாயில் ஏதோ கத்தினார். காற்றில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு டவுன் வரைக்கும் ஏற்ற இறக்கம்தான். ராவுத்தர் கடை முன்பலகைகளை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். சாலையின் மறுமுனையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் வரவில்லை. கட்டுகளை இறக்கி, ஒரு தமிழ்ப் பத்திரிகையை உருவிப் பிரித்து முதல் பக்கத்தைப் படித்தார், மடித்தும் வைத்துவிட்டார். அப்போதுதான் வேன் திருப்பத்தில் தெரிந்தது.

“சரி பிள்ளை,” என்றார் ராவுத்தர். “அவர்கிட்ட நான் பேசிக்கறேன். முழுச் சுமையும் நீங்களே எடுங்க. தாங்குமா?”

பிள்ளை இன்னும் சூடாக இருந்த ஹெட்டின் மேல் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டார். “இன்னைக்கு இவனையும் சேர்த்துத்தானே ஏத்துனேன்,” என்று என்னைக் காட்டினார். “நாளைக்கு இவன் வரமாட்டான். அந்த எடத்துல கட்டு வைக்கலாம்.”

அந்த வேலையில் நான் கற்றது இதுதான். ஹெட்டைக் கொண்டுவருகிறவரிடம் எவ்வளவு பெரிசு வேண்டும் என்று கேட்காதீர்கள். என்ன ஏற்றுவீர்கள், எந்த ரோட்டில், எந்த மேட்டில் என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகு, எங்கே தொடக்கூடாது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். எடுத்த மெட்டலைத் திரும்ப வைக்க ஒரு வெல்டரும், ஒரு அடுப்புச் சாம்பலும், ஓர் எஸ்டேட்டின் பாலும் எங்களுக்குத் தேவைப்பட்டன. இவ்வளவும் எல்லோருக்கும் எப்போதும் கிடைக்காது. அந்தக் கோட்டைப் போட்டுவிட்டுப் பார்த்தால், எந்தக் கட்டர் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் வந்திருக்கும். மீதிப் பாதி, சில சமயம், கட்டரே வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம்.